தூத்துக்குடியில் ஒன்றரை நாள்: எதை, எந்த நேரத்தில்?

மாம்பலவாசி | 6 மே 2024

ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு திருச்செந்தூர். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஒன்றரை நாள் கிடைக்கிறது. அந்த ஊரில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உப்பும்தான், மக்ரூன் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் உத்தமம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சாப்பாட்டுக்கும் சரித்திரத்துக்கும் தங்க வேண்டிய ஊரா, இல்லையா? மீன் சாப்பிடுவோம். அம்மா மட்டும் சைவம். அவர்களுக்கு மக்ரூன் போதும்.

பீச்ரோடு | 6 மே 2024

முதலில் ஒன்று: மக்ரூன் சைவம் இல்லை. அதில் முட்டை வெள்ளைக்கருதான் முக்கியச் சரக்கு. அம்மா முட்டை சாப்பிடாதவர் என்றால் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, தங்க வேண்டிய ஊர்தான். ஆனால் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. உப்பளம் விடியற்காலை, பதநீர் காலை ஒன்பதுக்குள், மீன் சாப்பாடு மதியம் இரண்டுக்குள், பரோட்டா இருட்டிய பிறகு. பகல் பதினொன்றுக்கு வந்து இறங்கி நாலு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு வெயிலும் லாரியும்தான் தெரியும். உங்களுக்கு யோசனை சொன்னவர் அந்த ரகம் என்று நினைக்கிறேன்.

சால்னா | 7 மே 2024

ஜூன் முதல் வாரமா? தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் சாப்பிட வருகிறவர் அப்போதா வருவார்? ஜூன் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

பீச்ரோடு | 7 மே 2024

சால்னா அண்ணாச்சி, பாதிதான் சரி. தடை விசைப்படகுக்கு மட்டும். திரேஸ்புரம் மீனவர் பகுதியின் நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். விலை ஏறும், வகை குறையும், இறால் வரத்து சரியும். ஆனால் தூண்டிலிலும் செவுள்வலையிலும் பட்டு அன்றைக்கே கரைக்கு வந்த விளைமீனும் பாறையும் ஊளியும் அந்த இரண்டு மாதத்தில்தான் ஓட்டல் சட்டிக்குள் நேராகப் போகும். தட்டில் விழுகிற துண்டு சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

தடைக்காலத்தைவிடக் கிழமையைப் பார்ப்பது முக்கியம். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கடற்கரை முழுக்க கத்தோலிக்க பரதவர் குடும்பங்கள், ஞாயிறு பூசை நாள். தங்கி மீன்பிடிக்கப் போன நாட்டுப்படகுகள் சனிக்கிழமை திரும்பும். அன்று திரேஸ்புரத்தில் வரத்தும் அதிகம், கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். ஞாயிறு மதியம் சாப்பிடுவது சனிக்கிழமை மீன், குறையில்லை. திங்கள் மதியம் சாப்பிடுவதும் பெரும்பாலும் அதே சனிக்கிழமை மீன், ஐஸில் இருந்தது. திங்களன்று மட்டும் கோழி சாப்பிடுங்கள்.

தடை முடிந்த பிறகு வந்தால் இன்னொரு கணக்கு. இங்கே விசைப்படகுகளுக்கு விடிகாலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்று விதி. அதனால் மீன்பிடித் துறைமுக ஏலம் ராத்திரியில் நடக்கிறது. பார்க்க வேண்டுமானால் ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஏலக்காரர் முன்னால் நின்று போட்டோ எடுத்து வழியை அடைக்க வேண்டாம்.

மாம்பலவாசி | 7 மே 2024

வஞ்சிரம் கிடைக்குமா?

சால்னா | 7 மே 2024

சீலா என்று கேளுங்கள், அதுதான் வரும். ஆனால் சென்னையில் தின்கிற அதே வஞ்சிர வறுவலைத் தின்ன அறுநூறு கிலோமீட்டர் வர வேண்டாம். குழம்புக்கு விளைமீன், பொரிக்க ஊளி அல்லது பாறை. கணவாய் தொக்கு கிடைத்தால் விடாதீர்கள். கணவாயில் ஒரே பரீட்சை: பல் இறங்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டும், இல்லை அரை மணிக்கு மேல் விட்டு வேகவைக்க வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர். சுமாரான கடைகள் எல்லாம் அந்த நடுவில்தான் நிறுத்தும்.

இங்கத்து மீன்குழம்பு கெட்டியாக, தேங்காய் அரைத்தது. அரைக் கிலோ மீனுக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி, அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், கைப்பிடி சின்ன வெங்காயம். மாங்காய்ப் பருவத்தில் புளியைப் பாதியாக்கி மாங்காய்த் துண்டு போடுவார்கள். மசாலா கொதித்துப் பச்சை வாடை போன பிறகுதான் தேங்காய் விழுது. அதற்குப் பிறகு நன்றாகக் கொதிக்க விட்டால் திரியும். மீன் போட்ட பிறகு கரண்டி கூடாது, சட்டியைத்தான் சுற்றிவிட வேண்டும். மத்தியானம் இரண்டரைக்கு மேல் போனால் இதே குழம்பு மூன்று முறை சூடேறி மீன் இல்லாத குழம்பாக இருக்கும்.

அளத்துக்காரன் | 9 மே 2024

உப்பளத்தைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. "விடியற்காலை" என்று ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார் பீச்ரோடு.

முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கம் போனால் சாலையிலிருந்தே தெரியும். திருச்செந்தூர் போகிற வழிதான், தனியாகப் போகத் தேவையில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்பதால் இருட்டிலேயே தொடங்குவார்கள். ஆறு மணியிலிருந்து எட்டு வரை போனால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். பத்து மணிக்குப் போனால் யாரும் இருக்கமாட்டார்கள், கண்ணும் கூசும்.

என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் ருசி. தண்ணீரின் கனத்தை (அடர்த்தியை) போமே என்ற அளவில் பார்ப்பார்கள், கடல்தண்ணீர் அதில் ஏறத்தாழ 3 டிகிரி. இங்கே நிறைய அளங்களில் நிலத்தடி உவர்நீரைத்தான் இறைக்கிறார்கள், அது கடல்தண்ணீரைவிடக் கனம், காய்கிற நாள் மிச்சம். தெப்பம் என்கிற முதல் தேக்கத்தில் நிறுத்திக் காயவைத்துப் படிப்படியாக அடுத்த பாத்திக்கு விடுவார்கள். வழியில் முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம் படியும். 25 டிகிரியைத் தொட்டதும் உப்புப் பூக்கும். 29, 30 தாண்டினால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் மக்னீசியம் உப்பில் ஏறி, நாக்கில் கசக்கும், மூட்டையில் ஈரம் இழுக்கும். கடையில் வாங்கிய கல்லுப்பு மழைக்காலத்தில் சொதசொதவென்று ஆவதற்கு அது ஒரு காரணம்.

ஜனவரி கடைசி முதல் செப்டம்பர் வரைதான் பருவம். வடகிழக்கு மழை வந்தால் அளத்தில் வேலை இல்லை. ஜூனில் வருகிறீர்கள், சரியான நேரம்: கச்சான் (தென்மேற்குக்) காற்று வரண்டு அடிக்கும், உப்பு சீக்கிரம் விளையும். அதே காற்று உங்கள் கண்ணில் புழுதியையும் அடிக்கும். தொப்பி போதாது, கண்ணாடி வேண்டும்.

வரப்பில் நடக்கலாம். பாத்திக்குள் செருப்போடு இறங்கக் கூடாது, தரை மிதித்துக் கெட்டிப்படுத்தியது, ஒரு செருப்புத் தடம் விழுந்தால் வாருகிற உப்பில் சேறு கலக்கும். கேட்காமல் பெண்களைப் போட்டோ எடுக்காதீர்கள். அந்த வெளிச்சத்திலும் உப்புத் தண்ணீரிலும் வருடக்கணக்கில் நிற்கிறவர்களுக்குக் கண்ணும் காலும் கெடுகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

சால்னா | 9 மே 2024

அளத்துக்காரர் சொன்ன அதே திருச்செந்தூர் ரோட்டில் காலையில் பதநீர். பட்டையில் ஊற்றி நுங்கு போட்டுத் தருவார்கள். பருவம் ஜூனில் முடிகிற தறுவாயில் இருக்கும், கிடைத்தால் அதிர்ஷ்டம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால்தான் அது பதநீர். தடவாவிட்டால் கள், அதற்கு இங்கே தடை. சுண்ணாம்பு அதிகமானால் தொண்டையில் பிடிக்கும், குறைந்தால் பத்து மணிக்கே புளிக்கும். லேசாக நுரை கட்டிப் புளிப்பு வாடை வந்ததை வாங்காதீர்கள். அது கள்ளும் இல்லை, பதநீரும் இல்லை, வயிற்றுக்குத்தான் வேலை.

மாம்பலவாசி | 10 மே 2024

மற்ற "குடி"க்கு?

சால்னா | 10 மே 2024

டாஸ்மாக், மதியம் 12 முதல் இரவு 10. அதில் இந்த ஊருக்கென்று எந்த விசேஷமும் இல்லை. கடற்கரை என்றதும் பீரும் இறாலும் என்று கனவு கண்டு வந்தால் கோவாவுக்கு டிக்கெட் எடுங்கள். இங்கே பரோட்டாவுக்குப் பக்கத்தில் பவண்டோ அல்லது பன்னீர் சோடா. சாயங்காலம் சுக்குக் காப்பி, கருப்பட்டி போட்டது.

கருப்பட்டி வாங்குவதானால் உடன்குடி, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. உடைத்துப் பாருங்கள். சீனி கலந்தது உள்ளே பளபளவென்று மின்னும், சட்டென்று நொறுங்கும். கலப்படமில்லாதது மங்கலான கருஞ்சிவப்பு, வாயில் மெதுவாகக் கரையும், கடைசியில் ஒரு சின்ன உப்புக் கரிப்பு நிற்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், சீனியைத்தான் கருப்பட்டி விலைக்கு வாங்குகிறீர்கள்.

அடுமனை | 12 மே 2024

மக்ரூனுக்கு வருவோம். எல்லோரும் "போய் வாங்கு" என்கிறார்கள், எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்வதில்லை.

சரக்கு மூன்றே: வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. தேங்காய் கிடையாது, மாவு கிடையாது. ஐரோப்பாவில் பாதாம் போடுகிற பண்டம், இங்கே முந்திரிக்கு மாறியிருக்கிறது. முந்திரி மரமே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது என்பதால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நல்ல மக்ரூன் கையில் எடுத்தால் எடையே தெரியாது. நிறம் தந்த வெள்ளை. ஓடு பட்டென்று உடைய வேண்டும், நடுவில் முந்திரி லேசாக மெல்லக் கிடைக்க வேண்டும். பல்லில் அப்பினால் ஒன்று சீனி அதிகம், அல்லது உலரவில்லை. பழுப்பேறியிருந்தால் அடுப்புச் சூடு அதிகம். முட்டை வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய: 4 முட்டையின் வெள்ளைக்கரு (ஏறத்தாழ 130 கிராம்), 200 கிராம் பொடித்த சீனி, 180 முதல் 200 கிராம் முந்திரி. முந்திரியைக் குளிரவைத்து, விட்டு விட்டு அரையுங்கள். ஒரே ஓட்டமாக அரைத்தால் எண்ணெய் கக்கும், கக்கினால் நுரை செத்தது. பாத்திரத்தில் ஒரு துளி மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் நுரை எழும்பாது, எலுமிச்சை மூடியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளைக்கருவை அடித்து, நுரை மென்மையான முகடு கட்டிய பிறகு சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் அடிப்பதை நிறுத்தி, முந்திரியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டும். சுமார் இருபது புரட்டுக்கு மேல் போகாதீர்கள். கூம்பாகப் பிழிந்து 110 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். திறந்து பார்க்கிறவர்களுக்கு வெடிப்பு விழும்.

விறகு அடுப்புக் கடைகளில் இந்தக் கடைசி வேலையைத்தான் அணைந்த அடுப்பின் மிச்சச் சூடு செய்கிறது. ரொட்டி எடுத்த பிறகு தட்டை உள்ளே தள்ளிவிடுவார்கள். உலர்த்துவதுதான் வேலை, வேகவைப்பது இல்லை. மின்னடுப்பில் அவசரப்பட்டு 150-ல் வைப்பவர்கள் மேலே பழுப்பும் உள்ளே பசையுமாக எடுக்கிறார்கள்.

மாம்பலவாசி | 12 மே 2024

சென்னை வரைக்கும் தாங்குமா?

அடுமனை | 12 மே 2024

காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் தாங்கும். காகிதப் பொட்டலத்தில் கடற்காற்றில் ஒரு நாள்கூடத் தாங்காது. கடைசி நாள், ரயிலுக்கு முன்னால் வாங்குங்கள், முதல் நாளே வாங்கி அறையில் திறந்து வைக்காதீர்கள். மேலே பெட்டி வைத்தால் வீட்டுக்குப் போய்ச் சேருவது முந்திரிப் பொடி. நமுத்துப் போனதை 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பாதி மீளும்.

பீச்ரோடு | 18 மே 2024

சரித்திரப் பக்கம். ஆட்டோவில் ஏறி "முக்கியமான இடமெல்லாம்" என்று சொல்லாதீர்கள். பீச் ரோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் முக்கால்வாசி முடிந்தது. சாயங்காலம் நாலரைக்கு மேல்.

பனிமய மாதா கோயில் 1713-ல் எழுந்தது, 1982-ல் பசிலிக்கா ஆனது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியர் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். 1658-ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபை, கத்தோலிக்கர் அல்ல. கோயில் எழுந்த காலம் டச்சு ஆட்சிக் காலம் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஆள்கிறவன் மாற்றுச் சபைக்காரனாக இருந்தும் சங்கும் முத்தும் எடுக்க இவர்கள் இல்லாமல் முடியாது. அந்தப் பேரத்தின் நடுவில் நிற்கிற கோயில் அது. பர்னாந்து, ரோச், மோத்தா, மச்சாது என்று கடைப் பலகைகளில் வருகிற பெயர்கள் போர்த்துக்கீசியர் காலத்து ஞானஸ்நானப் பெயர்கள்.

அதே சாலையில் டச்சுக்காரர் கட்டிய 1750-ன் தேவாலயமும் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்று அலங்காரம், ஒன்று வெறும் சுவர். ஊர் முறைப்படி ஆங்கிலேயர் கைக்குப் போனது 1825-ல். அதற்கு முன்பே பலமுறை கைமாறியிருக்கிறது. 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் கொஞ்ச நாள் கைப்பற்றி வைத்திருந்ததும் இதே கரைதான்.

அப்புறம் பழைய துறைமுகம். இங்கே கரையோரம் கடல் ஆழமில்லை. கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிடும், சரக்கைத் தோணிகள் கரைக்கும் கப்பலுக்கும் சுமக்கும். 1876-ல் ரயில் வந்த பிறகு கரிசல் பஞ்சு முழுக்க இந்த வழிதான் போனது. கிரேட் காட்டன் ரோடு என்ற பெயர் அப்படி வந்தது. சென்னையிலிருந்து ரயில், இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் என்பதுதான் 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை பெரிய பாதை. தோணித் தொழில் அதோடு சாகவில்லை. இன்றும் மரத்தோணிகள் மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றிப் போகின்றன. ஆனால் கச்சான் மாதங்களில் அவை பெரும்பாலும் கட்டித்தான் கிடக்கும். ஜூனில் வருகிற உங்களுக்கு ஏற்றுமதி பார்க்கக் கிடைக்காது, பழுது பார்ப்பதைப் பார்க்கலாம். பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பது ஏற்றுமதியைவிட நல்ல வேடிக்கை.

அளத்துக்காரன் | 18 மே 2024

வ.உ.சி.யை விட்டுவிட்டு தூத்துக்குடி சரித்திரமா?

பீச்ரோடு | 19 மே 2024

வருகிறேன். அவருக்கென்று பார்க்கும்படி இந்த ஊரில் கட்டடம் குறைவு, அதனால் தனியாக எழுத நினைத்தேன். பிறந்த வீடு நினைவில்லம் ஒட்டப்பிடாரத்தில், இங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், போகலாம்.

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. முதல் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். முதலில் வாடகைக் கப்பல், பிறகு 1907-ல் சொந்தமாக 'காலியா', 'லாவோ'. எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கட்டணத்தைக் கீழே இறக்கிக்கொண்டே போனது. நட்டத்தைத் தாங்க அவர்களுக்கு வேறு வழித்தடங்கள் இருந்தன, சங்கத்துக்கு இந்த ஒரே தடம். தேசப்பற்று குறைந்து தோற்றதாகச் சொல்வார்கள், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1908 பிப்ரவரி 27-ல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில்லில் வேலைநிறுத்தம். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. சங்கம் 1911-ல் கலைக்கப்பட்டது.

அதே 1911, ஜூன் 17: மணியாச்சி நிலையத்தில் ரயிலில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். முத்துநகர் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், பெயர் இப்போது வாஞ்சி மணியாச்சி. விழித்திருங்கள், காலை நேரம்தான். இன்னொன்று, பழைய துறைமுகத்துக்கு எதிரே ஆஷுக்கு ஒரு நினைவு மண்டபம் இன்னும் நிற்கிறது. துறைமுகத்துக்கு இன்று வ.உ.சி. பெயர், 2011-ல் வைத்தது. இரண்டும் ஒரே ஊரில்.

மாம்பலவாசி | 20 மே 2024

முத்து வாங்கலாமா? மனைவி கேட்கச் சொன்னாள். பெரிய துறைமுகத்துக்குள் விடுவார்களா?

பீச்ரோடு | 20 மே 2024

முத்து: வேண்டாம். 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இங்கே விற்கிற முத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற நன்னீர் வளர்ப்பு முத்து. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தி.நகரிலேயே வாங்கலாம். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை என்று யாராவது ரகசியமாக நீட்டினால் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டம் பாயும்.

பழைய முறையைத் தெரிந்துகொள்வது முத்தைவிட மேல். முத்துப்பார், அதாவது சிப்பி கிடக்கிற கடலடித் திட்டு, ஏறத்தாழ 10 முதல் 20 மீட்டர் ஆழம். கல்லில் ஒரு கால் வைத்துச் சுழியோடி இறங்குவான், கயிற்றை மேலே பிடித்திருப்பவன் பெரும்பாலும் சொந்தக்காரன். சுறா வராமலிருக்க மந்திரம் போடக் கடல்கட்டி என்று ஒருவர், அவருக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. அவரவர் பங்கை அங்கேயே ஏலத்தில் விற்பார்கள். வாங்கியவன் சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்து எடுப்பான், ஆக அந்த மாதங்களில் கடற்கரை எப்படி நாறியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம்: அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், போட்டோவும் கூடாது. கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் அளவுக்குக் கல் கொட்டிய இரண்டு அலைத்தடுப்புகள். 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். வெளியிலிருந்து பார்க்க அது போதும். முயல் தீவுக்குப் போகிற வழி துறைமுகப் பக்கம், அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

சால்னா | 30 மே 2024

பரோட்டாவுக்கு வராமல் இழை இத்தனை தூரம் போய்விட்டது, ஊருக்கே அவமானம்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் 'நைட் கிளப்' என்று பலகை பார்த்தால் பயப்பட வேண்டாம், குடும்பத்தோடு போகலாம், பரோட்டாக் கடைதான். இங்கத்துப் பரோட்டா சின்னது, மொறுமொறு. வீச்சு முடிந்து சுருட்டித் தட்டிய பிறகு கல்லில் பாதி வேகவைத்து, எண்ணெய் தேங்கி நிற்கிற பள்ளத்தில் தள்ளிப் பொரிப்பார்கள். எடுத்த சூட்டில் நாலைந்தாக அடுக்கி இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடித்தால்தான் அடுக்கு பிரியும். அடிக்காமல் தருகிற கடையில் அடுத்த தடவை உட்காராதீர்கள்.

மாவு: ஒரு கிலோ மைதாவுக்கு 20 கிராம் உப்பு, 20 கிராம் சீனி, 50 மில்லி எண்ணெய், 550 மில்லி சுற்றித் தண்ணீர். பிசைந்து எண்ணெய் தடவி இரண்டு மணி நேரம், உருட்டிய பிறகு இன்னும் அரை மணி. ஊறாத மாவை வீசினால் கிழியும், அதிகம் பிசைந்து ஊறவிடாவிட்டால் வீசியது சுருங்கிக்கொள்ளும். வீட்டில் செய்து "கடை மாதிரி வரவில்லை" என்று புலம்புவோரில் பாதிப்பேர் இந்த இரண்டு மணி நேரத்தை ஏமாற்றியவர்கள், மீதிப்பேர் எண்ணெயை ஏமாற்றியவர்கள்.

சால்னா தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். குருமா மாதிரி கெட்டியாக இருந்தால் பரோட்டா குடிக்காது. சோம்பு, கசகசா, தேங்காய், பட்டை, எலும்புச் சாறு. சாப்பிடுகிற முறை: முதலில் பிய்த்துப் போடுங்கள், பிறகு ஊற்றச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே நனைந்து உள்ளே மொறுமொறுப்பு நிற்கிற அந்த இடைவெளி மூன்று நிமிடம்தான். பார்சல் வாங்கி அறையில் போய்ச் சாப்பிடுகிறவருக்குக் கூழ் கிடைக்கும். பார்சல்தான் என்றால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இந்தக் கடைகள் ஒத்துவராது. சைவக் கடைக்குப் போனால்கூட பரோட்டா வேண்டாம், ஊத்தப்பமும் கடைசியில் கருப்பட்டிக் காப்பியும் பாருங்கள்.

மாம்பலவாசி | 16 ஜூன் 2024

பிள்ளைகளின் பள்ளி திறப்பால் பயணம் தள்ளிப்போனது. ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் வாரம் என்று யோசனை. தடைக்காலமும் முடிந்துவிட்டதல்லவா?

பீச்ரோடு | 16 ஜூன் 2024

தடை முடிந்தது, ஆனால் நேராகப் பனிமய மாதா கோயில் திருவிழாவில் வந்து விழுகிறீர்கள். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா, அன்று உள்ளூர் விடுமுறை. பீச் ரோட்டுப் பக்கம் அறை கிடைக்காது, கிடைத்தால் வாடகை ஏறியிருக்கும். கூட்டம் பிடிக்குமானால் அந்தப் பத்து நாளில் ஏதாவது ஒரு சாயங்காலம் வாருங்கள், ஊர் முழுக்கத் தெருவில்தான் இருக்கும். பிடிக்காதென்றால் ஆகஸ்ட் 8-க்கு மேல். தங்கத்தேரை எதிர்பார்க்காதீர்கள், அது வருடா வருடம் ஓடுவதில்லை. 1806-ல் முதலில் ஓடியது, சென்ற வருடம் 2023-ல் ஓடிவிட்டது.

பதநீரும் போச்சு.

அளத்துக்காரன் | 17 ஜூன் 2024

ஆகஸ்டில் வந்தால் உப்பளம் இன்னும் நல்லது, உப்புக் குவியல் உயர்ந்திருக்கும். குவியலை ஓலை போட்டு மூடுவதைப் பார்க்கலாம். சென்ற டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளத்தில் பாத்தி வரப்பெல்லாம் கரைந்து, குவித்து வைத்த உப்பும் கரைந்து போனது. சீர்படுத்தித்தான் இந்தப் பருவம் தொடங்கியிருக்கிறது.

பீச்ரோடு | 21 ஜூலை 2024

அரை நாள் மிச்சமிருந்தால், திருச்செந்தூர் வழியில் இரண்டு இடம்.

ஒன்று கொற்கை. சங்க காலப் பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பெயர் பெற்றது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இப்போது கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. போனால் ஒரு குளமும் பழைய வன்னி மரமும் சிறிய அம்மன் கோயிலும் வயலும்தான். துறைமுகத்தைத் தேடாதீர்கள். துறைமுகம் எப்படிச் சாகும் என்று பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். கொற்கை தூர்ந்த பிறகு ஆற்றுமுகத்தில் பழையகாயல், மார்க்கோ போலோ சொல்கிற காயல் அதுதான். அதுவும் தூர்ந்த பிறகே தூத்துக்குடிக்கு வாழ்வு வந்தது. ஆற்றுக்குத் தள்ளி இருந்ததால் இந்த ஊர் பிழைத்தது.

இன்னொன்று காயல்பட்டினம். ஓட்டல் ஊர் இல்லை, வீட்டு விருந்து ஊர். கல்யாணக் களறிச் சாப்பாட்டுக்கு அழைப்பு இருந்தால் எல்லாத் திட்டத்தையும் ரத்து செய்யுங்கள்: நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். அழைப்பு இல்லையென்றால் சாயங்காலம் தெருக்கடையில் வாடா வாங்குங்கள், இறாலும் தேங்காயும் உள்ளே வைத்துப் பொரித்தது. வெள்ளி மதியம் கடைகள் மூடியிருக்கும்.

ஆதிச்சநல்லூர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும், இதோடு சேர்த்துத் திணிக்காதீர்கள்.

மாம்பலவாசி | 22 ஜூலை 2024

ஆகஸ்ட் 10, 11-க்கு டிக்கெட் போட்டாயிற்று. சனி, ஞாயிறு. கருவாடு வாங்கலாமா, ரயிலில் சண்டை வருமா?

சால்னா | 22 ஜூலை 2024

சனி வருகிறீர்கள், மீனுக்கு நல்ல கிழமை. மத்தியானச் சாப்பாட்டை ஒரு மணிக்கே முடித்துவிட்டுத் திரேஸ்புரம் போங்கள்.

கருவாடு வேண்டாம், மாசி வாங்குங்கள். சூரை மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைப்பது. இரண்டு துண்டைத் தட்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம், பூசணம் பிடிக்கும். வாடை குறைவு, இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக் உறை போதும், பக்கத்து இருக்கைக்காரர் கேட்கமாட்டார். வீட்டில் இடித்து, தேங்காய், வற்றல், சின்ன வெங்காயம், எலுமிச்சை சேர்த்துச் சம்பல். மிக்ஸியில் முழுத்துண்டைப் போட்டால் பிளேடு போகும், முதலில் அம்மியிலோ உலக்கையிலோ உடைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும்.

அடுமனை | 23 ஜூலை 2024

ஞாயிறு சாயங்காலம் ரயில் என்றால் மக்ரூனை ஞாயிறு காலையிலேயே வாங்கிவிடுங்கள். திருச்செந்தூர் கூட்டம் எல்லாம் மதியத்துக்கு மேல் கடைக்கு வரும், நாலு மணிக்கு உடைந்ததுதான் மிஞ்சும். உடைந்ததைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் அதையும் வாங்குங்கள், பாலில் போட்டுச் சாப்பிட அதுதான் வசதி.